கொடிமலை ஏறாத முதல் இரயில்



ஜார்ஜ் டவுன் துறைமுகத்தின் அருகே மணிக்கூண்டு தாங்கிய பழைய கட்டடம் ஒன்று நிற்கின்றது. இன்று அது சுங்கத்துறையின் அலுவலகம். ஆங்கிலேயர் காலத்தில் அது இரயில்வேயின் கட்டடம். அங்குப் பயணச்சீட்டு வாங்கலாம். ஆனால் இரயிலைப் பார்க்க இயலாது. சீட்டை வாங்கிக்கொண்டு படகேறி அக்கரைக்குச் சென்றால்தான் பிறையில், பிற்காலத்தில் பட்டர்வொர்த்தில், இரயில் காத்திருக்கும். தண்டவாளமே இல்லாத இரயில் நிலையம் என்று பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

தீவுக்கென்று இருந்த ஒரே இரயில் வேறிடத்தில் ஓடியது. அதுதான் ஆயர் ஈத்தாம் அடிவாரத்திலிருந்து கொடிமலைக்கு ஏறும் மலை இரயில். அது 1923-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது என்பதை நம் மாணவர்களுள் பலர் அறிவர். அதற்கு முன்னரே ஒரு மலை இரயில் கட்டப்பட்டது என்பதையும், அது தோற்றது என்பதையும் அறிந்தவர் மிகச் சிலரே. வரலாற்று நூல்களிலும் அதற்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. எனக்கோ அந்தத் தோல்வியின் மீதுதான் ஆர்வம் மிகுதி. 1897-இல் தொடங்கி 1906 வரை இழுபட்ட முயற்சி அது. தனியார் பணத்தில், நீராவியின் வலிமையை நம்பி அமைக்கப்பட்ட சிறு இரயில். தொழில்நுட்பக் கோளாறுகளால் அது பயனின்றிப் போயிற்று.

கொடிமலை முன்வைத்த கேள்வி மிகவும் பழையது. ஓர் இயந்திரம் எவ்வளவு பாரத்தை இழுக்கும்? எந்த இடத்தில் அதன் வலிமை ஓய்ந்துபோகும்? இரயில் பிறந்த நாள்தொட்டு மனிதர் இக்கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர். சற்றுப் பின்னோக்கிச் சென்று வந்தால் கொடிமலையின் கதை நன்கு விளங்கும்.

1804-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் பென்னிடாரன் என்ற ஊரில், ரிச்சர்ட் டிரெவிதிக் என்பவர் தாம் செய்த நீராவி இயந்திரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றினார். அதன் பின்னால் 10 டன் இரும்பு, ஐந்து வண்டிகள், அவற்றில் தொற்றிக்கொண்ட எழுபது ஆட்கள். ஏறக்குறைய பத்து மைல் தொலைவை நான்கு மணி நேரத்திற்குச் சற்று மேலான காலத்தில் அது கடந்தது. அந்த ஓட்டத்தின் பின்னணியில் ஒரு பந்தயம் இருந்தது. இரும்பாலை முதலாளிகள் இருவர் 500 கினி பணயம் வைத்திருந்தனர். உலகின் முதல் இழுவலிமைச் சோதனையே ஒரு சூதாட்டம்தான் என்பதை மாணவரிடம் சொல்லும்பொழுது சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கின்றது! பந்தயத்தில் இயந்திரம் வென்றது. ஆனால் தண்டவாளம் தோற்றது. வார்ப்பிரும்பாலான அந்தத் தண்டவாளங்கள் இயந்திரத்தின் எடை தாங்காமல் உடைந்தன.

அன்றைய பொறியாளர்களை இன்னொரு ஐயமும் வாட்டியது. வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தின் மீது எவ்வாறு பிடித்துக்கொள்ளும்? சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று கொண்டிருக்காதா? இந்த அச்சத்தால் ஜான் பிளெங்கின்சாப் என்பவர் 1811-இல் பற்களுள்ள தண்டவாளத்திற்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே மிடில்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் பற்சக்கர இயந்திரம் ஓடியது.

வைலம் சுரங்கத்தைச் சேர்ந்த வில்லியம் ஹெட்லி வேறு வழியில் சிந்தித்தார். அவர் செய்த சோதனையை எண்ணும்போதெல்லாம் வியக்கின்றேன். அதற்கு நீராவியே தேவைப்படவில்லை. ஒரு வண்டியைச் செய்து, அதன் மேல் ஆட்களை நிறுத்தி, கைப்பிடிகளைச் சுற்றச் செய்தார். கைப்பிடியைச் சுற்றினால் வண்டியின் சக்கரம் சுழலும். அவ்வண்டியின் பின்னால் நிலக்கரி வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினார். எத்தனை வண்டிகள் சேர்ந்தவுடன் சக்கரம் வழுக்குகின்றது என்று பார்த்தார். பின்னர், ஆட்கள் நின்ற வண்டியின் எடையைக் கூட்டி மீண்டும் சோதித்தார். எடை கூடக் கூடப் பிடிப்பும் கூடியது. வழவழப்பான சக்கரமே போதும் என்பது 1812, 1813-ஆம் ஆண்டுகளில் இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. அந்த அறிவின் விளைவாகப் பிறந்த 'பஃபிங் பில்லி' என்ற இயந்திரம் இன்றும் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

இதைப் பள்ளியிலேயே செய்து பார்க்கலாம். பசார் மாலாமில் விற்கும் மின்கல இரயில் பொம்மை ஒன்றும், தீப்பெட்டிகளுக்குச் சக்கரம் பூட்டிய வண்டிகள் சிலவும் இருந்தால் போதும். என் வகுப்பில் இதைச் செய்தபோது ஏழாவது வண்டியில் பொம்மை இயந்திரம் வழுக்கத் தொடங்கியது. சக்கரம் சுழல்கின்றது, வண்டி நகரவில்லை. "ஐயா, பேட்டரி தீர்ந்துவிட்டது" என்றான் ஒரு மாணவன். இயந்திரத்தின் தலையில் இருபது சென் நாணயங்களை அடுக்கி ஒட்டச் சொன்னேன். பேட்டரியை மாற்றவில்லை, பாரத்தைத்தான் கூட்டினோம். ஆயினும் பத்து வண்டிகளை அது இழுத்துச் சென்றது. இன்னும் நாணயங்களைக் கூட்டியபோது சக்கரமே சுழலாமல் உள்ளிருக்கும் மோட்டார் முனகி நின்றுவிட்டது. பிடிப்பின் எல்லை ஒன்று, ஆற்றலின் எல்லை வேறொன்று என்பது அங்கே பிள்ளைகளுக்கு விளங்கியது.

மாதிரி இரயில்களையே பொழுதுபோக்காகக் கொண்ட பெரியவர்கள் உலகெங்கும் இருக்கின்றனர். மிக நீண்ட மாதிரி இரயிலை ஓட்டிக் காட்டுவதில் அவர்களுக்குள் பெரும் போட்டி. அவர்களும் இதே உத்திகளைத்தான் கையாளுகின்றனர். இயந்திரத்தின் உள்ளே ஈயத் துண்டுகளை வைப்பர். சக்கரத்தில் இரப்பர் வளையம் மாட்டுவர். வண்டிகளின் எடைக்கும் கணக்கு உண்டு. உண்மை இரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிகளுக்கு, அடிப்படையாக ஓர் அவுன்சும் வண்டியின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்திற்கும் அரை அவுன்சும் என்பது அமெரிக்க மாதிரி இரயில் சங்கம் பரிந்துரைக்கும் அளவு.

நீண்ட மாதிரி இரயிலில் வேறொரு சிக்கலும் எழும். நேர்பாதையில் ஒழுங்காகச் செல்லும் வண்டிகள் வளைவில் உட்புறமாகச் சாய்ந்து விழும். நூலின் இரு முனைகளையும் இழுத்தால் அது நேராக நிமிர முயல்வதைப் போன்றதே இது. முன்னே இயந்திரம் இழுக்கின்றது, பின்னே பெரும் பாரம் தடுக்கின்றது. நடுவில் அகப்பட்ட இலேசான வண்டி வளைவின் உட்பக்கம் கவிழ்கின்றது. கனமான வண்டிகளை முன்னாலும் இலேசானவற்றைப் பின்னாலும் மாட்டுவது ஒரு தீர்வு. இயந்திரங்கள் அனைத்தையும் தலைப்பில் வைக்காமல், நடுவிலும் பின்னாலும் பிரித்து வைப்பது இன்னொரு தீர்வு.

உண்மையான இரயில்களிலும் இதுவேதான் நடைமுறை. 2001-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், மேற்கு ஆஸ்திரேலியாவில் பி.எச்.பி. நிறுவனம் 682 வண்டிகள் கொண்ட இரும்புத்தாது இரயிலை ஓட்டியது. அதன் நீளம் 7.353 கிலோமீட்டர்; மொத்த எடை ஏறத்தாழ 99,700 டன். எட்டு இயந்திரங்களை இரயிலின் நெடுகப் பிரித்து வைத்து, ஒரே ஓட்டுநர் அவற்றை இயக்கினார். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-இல் 'சூப்பர் வாசுகி' என்ற நிலக்கரி இரயில் 295 வண்டிகளோடு 3.5 கிலோமீட்டர் நீளத்தில் சத்தீஸ்கரில் ஓடியது. 2025-இல் 'ருத்ராஸ்திரா' அதனையும் மிஞ்சி, 354 வண்டிகளோடு 4.5 கிலோமீட்டர் நீண்டது. இவற்றில் எதுவும் ஒற்றை இயந்திரத்தின் சாதனை அன்று. நீளம் என்பது வலிமையால் மட்டும் வருவதில்லை, வலிமையைப் பங்கிடும் முறையால் வருவது.

வரலாற்றில் மிகவும் புகழ்பெற்ற இழுவலிமைத் தேர்வைச் சொல்லாமல் விட்டால் ஆசிரியர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். 1829-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இங்கிலாந்தின் ரெயின்ஹில் என்ற இடத்தில் லிவர்பூல்–மான்செஸ்டர் இரயில் நிறுவனம் நடத்திய போட்டி அது. பரிசு 500 பவுன். தன் எடையைப் போல மூன்று மடங்கு பாரத்தை இழுத்து, மணிக்குப் பத்து மைலுக்குக் குறையாத வேகத்தில், ஒன்றரை மைல் பாதையில் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். ஐந்து போட்டியாளர்கள் வந்தனர். அவற்றுள் ஒன்று இயந்திரமே இல்லை. வண்டிக்குள் குதிரையை நடக்கவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றும் 'சைக்ளோபெட்'. இராபர்ட் ஸ்டீபன்சனின் 'ராக்கெட்' மட்டுமே தேர்வை முழுமையாக முடித்தது. ராக்கெட்டின் எடை நான்கேகால் டன், அது இழுத்த பாரம் பன்னிரண்டே முக்கால் டன். மற்றவை வழியிலேயே பழுதாயின. ஒரே ஒரு முறை பெருஞ்சுமையை இழுப்பதைக் காட்டிலும், பழுதாகாமல் மீண்டும் மீண்டும் இழுப்பதே வலிமை என்று அந்த விதிகளை எழுதியவர்கள் உணர்ந்திருந்தனர். நம் தேர்வுத்தாள்களைத் தயாரிப்பவர்கள் ரெயின்ஹில் விதிகளை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

நம் நாட்டிற்கு வருவோம். மலாயாவின் முதல் இரயில் 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, எட்டு மைல் தொலைவு ஓடியது. போர்ட் வெல்ட்தான் இன்றைய கோலா செப்பாத்தாங். அதற்கு முன் லாரூட் பகுதியின் ஈயத்தைச் சுமந்தவை யானைகளும் மாட்டு வண்டிகளும். யானைக்கும் இரயிலுக்கும் பகையும் இருந்தது. 1894-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், தெலுக் இந்தான் பாதையில் தன் கூட்டத்தைக் காக்க ஓர் ஆண் யானை இரயிலின் மீது மோதி அதனைத் தடம் புரளச் செய்தது. யானை இறந்தது. அதன் நினைவாக அங்கே ஓர் அறிவிப்புப் பலகை வைக்கப்பட்டது. இழுவலிமையை அளக்கும் பாடத்தில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டால் பிறகு வகுப்பில் யாரும் இயந்திரத்தின் பக்கம் நிற்பதில்லை, எல்லாரும் யானையின் பக்கமே.

அந்தத் தைப்பிங் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து 'சிலோன் பயனியர்' படைப்பிரிவினர் வரவழைக்கப்பட்டனர்; அவர்களுள் தமிழர் பலர். அதன் பின்னர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் காடு வெட்டினர், கட்டை பதித்தனர், கல் நிரப்பினர். யாழ்ப்பாணத் தமிழர்கள் நிலையத் தலைவர்களாகவும் எழுத்தர்களாகவும் அமர்ந்தனர். 1899-இல் பிறையிலிருந்து புக்கிட் மெர்தாஜத்திற்குப் பாதை திறந்தது. 1909-இல் பிறைக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே முழு இணைப்பு ஏற்பட்டது. ஜப்பானியர் காலத்தில் இதே மக்களின் பிள்ளைகள் பல்லாயிரவர் சயாம்–பர்மா மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டதை நாம் மறக்க இயலாது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்காக நம் கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. எத்தனையோ குடும்பங்களில் போனவர் திரும்பவில்லை. இயந்திரத்தின் வலிமையை எழுதி வைத்தவர்கள் இவர்களின் பெயர்களை எழுதி வைக்கவில்லை.

இனி மலைக்கு வருவோம். சரிவு என்பது இரயிலுக்கு எத்தகைய பகை என்பதை ஒரு கணக்கின் வழி காணலாம். இதை ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

சமதளத்தில் ஒரு டன் எடையுள்ள வண்டியை உருட்டத் தோராயமாக மூன்று கிலோ இழுவிசை போதும். இரும்பின் மீது இரும்பு உருள்வதன் அருமை அது. 100 டன் எடையுள்ள இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எல்லாச் சக்கரங்களும் இயங்குகின்றன, தண்டவாளம் உலர்ந்திருக்கின்றது. அப்போது அதன் எடையில் கால் பங்கு, அதாவது 25 டன் அளவுக்கு வழுக்காமல் இழுக்கலாம். சமதளத்தில் அது 8,000 டன் பாரத்தை நகர்த்தும். நூறு அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில், டன்னுக்கு மேலும் பத்து கிலோ வேண்டும். இழுக்கும் பாரம் 1,800 டன்னாகக் குறையும். இருபத்தைந்து அடிக்கு ஓர் அடி என்றால் 480 டன். பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி என்றால் 200 டன். நான்கு அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் பாரம் சுழியாகிவிடும். தன்னைத்தானே ஏற்றிக்கொள்வதே அந்த இயந்திரத்திற்குப் பெரும்பாடு.

கணக்கில் இடம்பெறும் பன்னிரண்டரை அடிச் சரிவு தமிழ் மண்ணில் இருக்கின்றது. நீலகிரி மலை இரயிலின் செங்குத்தான பகுதி ஏறக்குறைய அதே அளவு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், உதகைக்கு 1908-இலும் அப்பாதை திறந்தது. மழையும் பனியும் இலைச்சருகும் விழும் மலையில் வெறும் பிடிப்பை நம்புவது ஆபத்து. அதனால் பிளெங்கின்சாப்பின் பற்கள் அங்கே மீண்டும் வந்தன. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோமான் ஆப்ட் என்பவர் மேம்படுத்திய முறை அது. இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்களுள்ள இரும்புப் பட்டை. இயந்திரத்தின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. அங்கே ஏறும்போது இயந்திரம் வண்டிகளை முன்னின்று இழுப்பதில்லை, பின்னின்று தள்ளுகின்றது. இணைப்பு அறுந்தாலும் வண்டிகள் இயந்திரத்தின் மீதே சாயும், பள்ளத்தில் ஓடிவிடா. திருச்சி பொன்மலைப் பணிமனை இப்பாதைக்குப் புதிய நீராவி இயந்திரங்களை இந்த நூற்றாண்டிலும் செய்து கொடுத்திருக்கின்றது.

கொடிமலையின் சரிவோ மிகக் கடுமையான இடத்தில் 1.95 அடிக்கு ஓர் அடி. அதாவது இரண்டடி முன்னே வைத்தால் ஓரடிக்கும் மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு டன்னும் ஏறத்தாழ 450 கிலோ விசையோடு பள்ளத்தை நோக்கி இழுக்கும். நம் 100 டன் இயந்திரம் அங்கே ஒரு பெட்டியையும் இழுக்காது. பிரேக்கை இறுக்கிச் சக்கரத்தைப் பூட்டி வைத்தாலும் வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும். ஆகவே இந்த மலைக்கு எவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டும் என்று கேட்பதிலேயே பொருளில்லை. இயந்திரம் வண்டியோடு மலையேறும் என்ற எண்ணத்தையே கைவிட வேண்டும்.

இரண்டாம் முயற்சியின் வெற்றி அத்தகைய அமைப்பில்தான் இருந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் இரயில்வேயைச் சேர்ந்த பொறியாளர் ஆர்னால்ட் இராபர்ட் ஜான்சன் அப்பணியை 1920-க்கும் 1923-க்கும் இடையே நிறைவேற்றினார். செலவு 15 இலட்சம் நீரிணை வெள்ளி. அன்றைக்கு அது மிகப் பெருந்தொகை. பாதையின் நீளம் 2,007 மீட்டர். 1923 அக்டோபர் 21-இல் மக்கள் பயணம் தொடங்கியது. 1924-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் சர் லாரன்ஸ் கில்லமார்ட் அதனை முறைப்படி திறந்து வைத்தார். மலையைக் குடைந்து 79 மீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றும் அமைக்கப்பட்டது. இத்துணைச் செங்குத்தான இரயில் சுரங்கம் வேறெங்கும் இல்லை என்று கூறுவர்.

வண்டியில் இயந்திரம் இல்லை. மின் மோட்டார் மேலே நிலையாக இருக்கும். அதனால் சுழற்றப்படும் உருளையின் மீது செல்லும் எஃகு வடத்தின் ஒரு முனையில் ஒரு பெட்டி, மறுமுனையில் இன்னொரு பெட்டி. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். கிணற்றில் இரு வாளிகளை ஒரே கயிற்றின் இரு முனைகளில் கட்டி இறைத்த பாட்டிமார்களுக்கு இந்த அறிவியலை நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. இரு பெட்டிகளின் எடையும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மோட்டார் இழுக்க வேண்டியது உராய்வையும் வடத்தின் எடையையும் பயணிகளின் எடை வேறுபாட்டையும் மட்டுமே. ஏறும் பெட்டியில் நாற்பது பேர், இறங்கும் பெட்டியில் ஒருவரும் இல்லை என்று கொள்வோம். ஆளுக்கு அறுபது கிலோ என்றால் வேறுபாடு 2,400 கிலோ. அந்தச் செங்குத்துச் சரிவில் அதற்குத் தேவையான விசை ஏறத்தாழ 1,080 கிலோ. இரு பக்கமும் நாற்பது பேர் இருந்தால் அதுவும் வேண்டியதில்லை. கீழே இறங்குபவர்களே மேலே ஏறுபவர்களை இழுத்துச் செல்கின்றனர்!

மாலையில் நிலைமை மாறும். எல்லாரும் இறங்குவர், ஏறுபவர் குறைவு. அப்போது மோட்டாரின் பணி இழுப்பதன்று, பிடித்து நிறுத்துவது. இதுவும் எல்லா மலைப்பாதைகளுக்கும் பொது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 29-இல் சுவிட்சர்லாந்தின் இரேஷியன் இரயில்வே நூறு பெட்டிகளைக் கோத்து, ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர் நீளமுள்ள பயணிகள் இரயிலை அல்புலா மலைப்பாதையில் ஓட்டி உலகச் சாதனை படைத்தது. அதை ஏற்றத்தில் ஓட்டவில்லை, இறக்கத்தில் ஓட்டினர். ஏழு ஓட்டுநர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே 25 தொடர்களின் வேகத்தையும் ஒன்றாகக் கட்டுப்படுத்தினர். அந்த இரயில்வேயும், நீலகிரிப் பாதையும், நம் கே.டி.எம். பாதையும், கொடிமலைப் பாதையும் ஒரே அகலம் கொண்டவை, அதாவது ஒரு மீட்டர்.

பழைய கொடிமலைப் பாதை இரு பகுதிகளாக இருந்தது. நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். மரப்பெட்டிகளில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவும் இருந்தது. எடையை ஈடுசெய்வதில் வடம் வகுப்புப் பார்க்கவில்லை, மனிதர் பார்த்தனர். 1977-இல் சிவப்பு நிறப் பெட்டிகள் வந்தன. 2010-இல் பழைய இரயில் நிறுத்தப்பட்டு, 63 மில்லியன் ரிங்கிட் செலவில் பாதை புதுப்பிக்கப்பட்டு 2011-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது நடுவில் மாற வேண்டியதில்லை. நூறு பேர் ஏறும் பெட்டி சில நிமிடங்களில் மேலே சென்றுவிடுகின்றது. பழைய அரைமணி நேரப் பயணத்தில் இருந்த அழகு போயிற்று என்று முதியவர்கள் குறைபட்டுக்கொள்வர். எனக்கும் அந்தக் குறை உண்டு. ஆயினும் விடுமுறை நாளில் அந்த வரிசையைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்கின்றேன்.

இரயிலுக்கு முன் இம்மலைக்கு மனிதர் எவ்வாறு சென்றனர்? 1788-இல் பிரான்சிஸ் லைட் ஸ்ட்ராபெரி பயிரிடுவதற்காக மலைக்குக் குதிரைப் பாதை வெட்டச் செய்தார் என்பர். பின்னர் வெயிலுக்கு அஞ்சிய வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்தம் குடும்பத்தினரும் மலை மாளிகைகளுக்குச் சென்றனர். சிலர் சுமத்ராக் குதிரைகளில் சென்றனர்; மற்றவர்கள் டோலியில் அமர்ந்து சென்றனர். டோலியைச் சுமந்தவர்கள் கூலிகள். ஒரு மனிதரை மேலேற்றப் பல மனிதர்களின் தோள்கள். இழுவலிமையை இயந்திரத்தில் அளக்கத் தொடங்கும் முன், அதனை இத்தகையோர் தோளில்தான் அளந்தனர். அங்கே எதிர்ப்பெட்டி இல்லை, ஈடுசெய்யும் எடையும் இல்லை. மலையுச்சியில் இன்று வண்ணமயமாகத் திகழும் அருளொளி திருமுருகன் ஆலயம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிறு வழிபாட்டிடமாகத் தொடங்கியது. அந்தக் காலத்தில் இம்மலையில் முருகனுக்குக் கற்பூரம் ஏற்றியவர்கள் மாளிகைவாசிகள் அல்லர் என்பது சொல்லாமலே விளங்கும்.

பள்ளிச் சுற்றுலாவிற்குக் கொடிமலை செல்லும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர்களுக்கும் ஒரு சிறு யோசனை. பெட்டியின் முன்பகுதியில் இடம் கிடைத்தால் நில்லுங்கள். பாதையின் நடுவில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம் வரும். அங்கேதான் எதிர்ப்பெட்டி நம்மைக் கடந்து செல்லும். அந்தச் சில நொடிகளில் அதில் எத்தனை பேர் இருக்கின்றனர் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். நம் பெட்டியில் இருப்பவர்களை முன்னரே எண்ணி வைத்திருக்க வேண்டும். இரண்டு எண்களின் வேறுபாட்டை அறுபதால் பெருக்கினால் கிலோ கணக்கு வந்துவிடும். காலையில் ஏறும்போது ஒருமுறை, மாலையில் இறங்கும்போது ஒருமுறை எண்ணுவது நல்லது. மாலையில் பிள்ளைகள் களைத்துத் தூங்கிவிடுவர், ஆகவே அந்தக் கணக்கைப் பெரும்பாலும் நாமே எண்ண வேண்டியிருக்கும்.